எரிகோவின் இருபத்தோராம் வசனம்

ஞாயிறு பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் எரிகோ கதை தெரியும். ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, எக்காளச் சத்தம், பெரிய ஆரவாரம், மதில் விழுந்தது. பிள்ளைகள் நாற்காலிகளைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டு வருவார்கள், கடைசியில் தொப்பென்று தரையில் விழுவார்கள். மதில் விழுவது யோசுவா ஆறாம் அதிகாரத்தின் இருபதாம் வசனம். பாடம் அதோடு முடிந்துவிடும். அடுத்த வசனத்தில், ஊருக்குள் இருந்த ஆண், பெண், சிறுவர், கிழவர், மாடு, ஆடு, கழுதை என்று ஒன்று விடாமல் வெட்டிப் போட்டதாக எழுதியிருக்கிறது.

திருப்பதியில் நர்சிங் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு, ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் பெண் இந்த வசனத்தைத்தான் போனில் எடுத்துக் காட்டியிருக்கிறாள். வம்புக்கு இல்லை. அவள் திருத்தணிக்காரி, நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே போகாதவள், எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்கக் கூட உட்கார்ந்திருந்தவள். "உங்க ஆண்டவர் நல்லவர்னு நீ சொல்றே, நானும் நம்புறேன். இது என்ன அப்போ?" என்று கேட்டாளாம்.

சித்தூர் வீட்டுக்கு வந்த பிள்ளை, டீயை ஆற்றிக்கொண்டே அதை என்னிடம் கேட்டாள். வீட்டில் தமிழ் பைபிளும் உண்டு, தெலுங்கு பைபிளும் உண்டு. அவள் படித்தது தெலுங்கில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். எதிலாவது கொஞ்சம் இளகுமா என்று பார்த்தாளோ என்னவோ, இளகவில்லை.

"அத்தை, நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

என்ன சொல்லக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். சபைகளில் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் சில உண்டு. கானானியர் மகா பொல்லாதவர்கள், பெற்ற பிள்ளைகளையே நெருப்பில் பலி கொடுத்தவர்கள், அதற்கான தண்டனை இது என்பார்கள். சரி, பலியாக இருந்த பிள்ளைக்கும் அதே தண்டனையா? பிள்ளையைக் கொன்ற குற்றத்துக்காகப் பிள்ளையைக் கொல்வது எந்த ஊர் நியாயம்? இன்னொரு பதில், உயிரைக் கொடுத்தவருக்கு எடுக்கவும் அதிகாரம் உண்டு என்பது. நோயிலும் மூப்பிலும் ஓர் உயிர் போகும்போது அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே கத்தி இருப்பது மனிதன் கையில். அதோடு, அவர் எதைச் செய்தாலும் அது நல்லதுதான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், அவரை நல்லவர் என்று ஞாயிறுதோறும் பாடுவதற்கு அர்த்தம் ஏது? மூன்றாவது பதில், இப்படியெல்லாம் கேட்பது விசுவாசக் குறைவு என்று வாயை அடைப்பது. இந்த மூன்றையும் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோகாதே என்றேன்.

முதலில் அந்தக் காலத்து அரசர்கள் போரை எப்படி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் நம்மிடம் மெய்க்கீர்த்தி இருக்கிறது. 1216-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தி, அவன் தஞ்சையையும் உறையூரையும் எரித்ததையும், மாளிகைகளையும் மதில்களையும் இடித்ததையும், இடித்த இடத்தில் கழுதை பூட்டி உழுததையும் அடுக்கிக்கொண்டே போகிறது. படித்தால் சோழ நாட்டில் புல் பூண்டு மிஞ்சியிருக்காது என்று தோன்றும். ஆனால் அதே பாண்டியனுக்குச் சோழ நாட்டைத் திரும்ப வழங்கியவன் என்றும் பட்டம். தோற்ற சோழர்கள் அதற்குப் பிறகும் 1279 வரை ஆண்டார்கள். கல்லில் வெட்டியவன் பொய் சொன்னான் என்று யாரும் சொல்வதில்லை. வெற்றியைச் சொல்லும் மரபு அது, கேட்டவர்களுக்கும் அது தெரியும்.

இஸ்ரவேலரின் அக்கம்பக்கத்திலும் இதே பழக்கம்தான். கி.மு. 1208 வாக்கில் எகிப்து மன்னன் மெர்னெப்தா, இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று கல்லில் எழுதினான். பைபிளுக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் காணப்படும் மிகப் பழைய கல்வெட்டுகளில் அது முதன்மையானது. அழிந்துபோன செய்தியாகவே அந்தப் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் அவர்கள் அழியவில்லை. கி.மு. 840 வாக்கில் மோவாபிய அரசன் மேசாவும் இஸ்ரவேல் என்றென்றைக்குமாக ஒழிந்தது என்று எழுதினான். ஒரு ஊரையே தன் தெய்வமான காமோசுக்கு நேர்ந்து, ஏழாயிரம் பேரைக் கொன்றதாகவும் அதில் உண்டு. 1868-ல் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இஸ்ரவேல் ராஜ்யம் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது.

யோசுவா புத்தகத்தையும் இந்தக் கண்ணோடு திறந்து பார்க்கச் சொன்னேன். பத்தாம் அதிகாரத்தில் எப்ரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மிஞ்சவில்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் காலேப் அதே எப்ரோனில் இருப்பவர்களைத் துரத்துகிறான், தெபீரைப் பிடிப்பவனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாகச் சொல்கிறான். மிஞ்சாத ஊரில் யாரைத் துரத்துவது? அடுத்த புத்தகமான நியாயாதிபதிகளின் முதல் அதிகாரம், துரத்த முடியாமல் போன கானானியரின் பட்டியலாகவே நீள்கிறது. எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எரிகோவில் 1952 முதல் 1958 வரை தோண்டிய காத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று பலர் கணிக்கும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த பெரிய நகரம் இருந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை என்றுதான் முடிவுக்கு வந்தார். அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

பிள்ளை டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சரி அத்தை. அவ்வளவு பேர் சாகலைன்னே வெச்சுக்கலாம். ஆனா செத்தாங்கன்னு பெருமையா எழுதியிருக்காங்களே. கர்த்தர் சொல்லித்தான் செஞ்சோம்னு எழுதியிருக்காங்களே. அது?"

சரியான இடத்தில் கை வைத்தாள். மெய்க்கீர்த்தி விளக்கம் எண்ணிக்கையைக் குறைக்கும். கடவுள் நல்லவரா என்ற கேள்வியை அது தொடவே தொடாது. இந்த விளக்கத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் எங்கள் சபையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள்.

இந்தப் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலான குடும்பங்கள் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கடவுள் கேட்டார் என்ற கதை அவர்களுக்குச் சொந்தக் கதை மாதிரி. யாத்திராகமத்தைப் பிரசங்கிக்கும்போது வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அதே ஜனங்கள் கீழ்வெண்மணியை அறிந்தவர்கள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், அதில் பெரும்பகுதி பெண்களும் பிள்ளைகளும். ஆந்திராவில் 1991 ஆகஸ்டில் சுண்டூரில் எட்டு தலித்துகளைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். ஒரு ஊரே சேர்ந்து இன்னொரு தெருவை இல்லாமல் ஆக்குவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள், எரிகோ கதையை மதிலுக்கு வெளியே நின்று மட்டும் எப்படிக் கேட்பார்கள்? மதிலுக்கு உள்ளேயும் அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கப் பூர்வகுடியான ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989-ல் இதையே எழுதினார். விடுதலை பெற்ற அடிமைகளின் கதையை எல்லாரும் கொண்டாடுகிறீர்கள், எங்களுக்கு அதில் கானானியராகத்தான் இடம் இருக்கிறது என்றார். வெறும் கற்பனையான குறை இல்லை அது. அங்கே குடியேறிய வெள்ளைக்காரப் போதகர்கள் பூர்வகுடிகளை அமலேக்கியர் என்றும் கானானியர் என்றும் பெயர் சொல்லியே பிரசங்கம் செய்திருக்கிறார்கள். வாரியரின் கட்டுரையைப் படித்தபிறகு யோசுவாவைப் பழையபடி என்னால் படிக்க முடிந்ததில்லை. ஆகவே பிள்ளையிடம், உன் தோழி கேட்டது வெளியாள் கேட்கும் கேள்வி என்று நினைக்காதே, நம் வீட்டுக் கேள்விதான் என்றேன்.

அதைவிட முக்கியம், அது பைபிளே கேட்கும் கேள்வி. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் கடைசியில் இதுதான்.

ஆதியாகமம் பதினெட்டாம் அதிகாரத்தில், சோதோமை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும் ஆபிரகாம் குறுக்கே நிற்கிறார். நல்லவனையும் கெட்டவனையும் ஒன்றாகச் சேர்த்து அழிப்பது உமக்கு அடுக்குமா, உலகத்துக்கே நீதிபதியான நீர் நீதி தவறலாமா என்று கேட்கிறார். சித்தூர் வெல்ல மண்டியில் தரகர்கள் ஒவ்வொரு ரூபாயாகக் குறைத்துக்கொண்டே வருவது மாதிரி, ஐம்பது நல்லவர்கள் இருந்தால், நாற்பத்தைந்து இருந்தால் என்று தொடங்கிப் பத்து வரைக்கும் இறக்குகிறார். ஒவ்வொரு தடவையும் கடவுள் சரி என்கிறார், ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை. கடவுளின் நீதியைக் கடவுளிடமே கேட்கலாம் என்பதை நாம் கற்றது வெளியே இல்லை, இந்த அதிகாரத்தில்தான். எரிகோவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லை. உன் தோழி வந்து கேட்டிருக்கிறாள்.

அந்தப் பெரிய புத்தகத்துக்குள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பது நிறைய. 2 இராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில் யெகூ ஆகாபின் வம்சத்தையே யெஸ்ரயேலில் தொடங்கி வெட்டிச் சாய்க்கிறான், கர்த்தர் அவனைப் பாராட்டியதாக எழுதியிருக்கிறது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து ஓசியா தீர்க்கதரிசி வருகிறார். அவருடைய புத்தகம் தொடங்கி நாலாவது வசனத்திலேயே, யெஸ்ரயேலில் சிந்திய ரத்தத்துக்காக யெகூவின் வீட்டாரைத் தண்டிப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கப்படும் என்கிறது யாத்திராகமம். மகன் தகப்பனின் குற்றத்தைச் சுமக்க மாட்டான் என்கிறார் எசேக்கியேல். மோவாபியர் பத்துத் தலைமுறை ஆனாலும் சபைக்குள் வரக் கூடாது என்கிறது உபாகமம். தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி ரூத் மோவாபியப் பெண்.

யோனாவை நாம் மீன் கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். நாலே அதிகாரம்தான், அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். நினிவே அசீரியரின் தலைநகரம். இஸ்ரவேலைக் கொன்று குவித்தவர்களின் ஊர். அந்த ஊர் அழியவில்லையே என்று யோனா சாகும் அளவுக்குக் கோபப்படுகிறார். அதற்குக் கடவுள் சொல்லும் பதில் ஒரு கேள்வி. வலது கை எது இடது கை எது என்று தெரியாத லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனிதர்களும் எத்தனையோ மிருகங்களும் இருக்கும் ஊருக்காக நான் மனம் இரங்கக் கூடாதா என்று கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு முடிகிறது. யோசுவாவில் ஆடு, மாடு, கழுதை என்று எண்ணி எழுதப்பட்ட மிருகங்கள் இங்கே எண்ணிக் காப்பாற்றப்படுகின்றன. யோனாவை எழுதியவர் யோசுவாவைப் படித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றும். நிரூபிக்க முடியாது, ஆனால் பக்கத்தில் வைத்துப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது.

"அப்போ ரெண்டுல எது நிஜம் அத்தை? அவங்கவங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாமா?"

இதற்கும் பதில் வேண்டும்தான். கிறிஸ்தவர்களுக்கு அளவுகோல் இயேசு. அவரே தம் வேதத்தை எப்படி வாசித்தார் என்று பார்க்கலாம். லூக்கா நாலாம் அதிகாரத்தில் நாசரேத் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் அறுபத்தோராம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கிறார். ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, கர்த்தரின் அருளின் ஆண்டு என்று வாசித்தவர் அங்கேயே நிறுத்திச் சுருளை மூடிவிடுகிறார். ஏசாயாவில் அடுத்து வருவது பழிவாங்கும் நாள். அதை வாசிக்கவில்லை. பிறகு, எலியா போய்த் தங்கியது சீதோன் நாட்டு விதவை வீட்டில், எலிசா குணமாக்கியது சீரியனான நாகமானை என்று அந்நியர்களை நினைவுபடுத்துகிறார். கூட்டம் கொதித்து அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் சமாரியர் கிராமம் ஒன்று இடம் கொடுக்க மறுத்தபோது, எலியா செய்தது போல வானத்திலிருந்து தீயை வரவழைக்கலாமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கையில் வேத ஆதாரம் இருந்தது. அவர் அதட்டினார். மத்தேயு பதினைந்தில் தன் மகளுக்காகக் கெஞ்சிக்கொண்டு ஒரு பெண் பின்னாலேயே வருகிறாள். அவள் கானானியப் பெண் என்று மத்தேயு குறிப்பாக எழுதுகிறார், மாற்கு அப்படி எழுதவில்லை. அவள் அவரோடு வாதாடுகிறாள், வாதத்தில் வெல்கிறாள், மகள் பிழைக்கிறாள்.

அப்படியென்றால் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிடலாமே என்று இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் சொன்னார். அந்தக் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். கி.பி. 144-ல் ரோமச் சபை அவரை விலக்கியது. நல்ல வேளை என்பேன். தள்ளியிருந்தால் ஆபிரகாமின் வாதமும் யோனாவும் யோபுவும் அதோடு போயிருக்கும். ஆனால் வைத்துக்கொண்டவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் யோசுவாவின் போர்களை மனதுக்குள் இருக்கும் தீய குணங்களோடு நடக்கும் போராகப் பிரசங்கித்தார். நாலாம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்த கதைக்கு வந்ததும், பார்வோன் செய்த பாவத்துக்குத் தொட்டில் குழந்தை சாவது எந்த நீதி என்று நேராகவே கேட்டார், கேட்டுவிட்டு அதற்கு வேறு பொருள் தேடினார். அவர்கள் கண்ட உட்பொருள் எல்லாம் எனக்கு ஒப்புதல் இல்லை, சிலது இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் கேள்வி இன்டர்நெட்டில் முளைத்தது இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஈசாக்கைப் பலி கொடுக்கக் கேட்ட கதையை அவளே எடுத்தாள். அதைப் பேசத் திருப்பதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நல்ல வசதி உண்டு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காளஹஸ்தி. கண்ணப்பர் ஒரு கண்ணை எடுத்து அப்பிவிட்டு, மறு கண்ணையும் எடுக்க அம்பை ஓங்கும்போது சாமி கையைப் பிடித்துத் தடுத்த இடம். தடுக்கும் கை என்று பார்த்தால் ஆபிரகாமின் கதை அதன் பக்கத்தில் வரும். ஆனால் கண்ணப்பர் கொடுத்தது தன் கண்ணை. பிள்ளையைக் கேட்ட கதை என்றால் சிறுத்தொண்டருடையது. திருச்செங்காட்டங்குடியில் அடியார் கோலத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்டார், தகப்பனும் தாயும் சமைத்தார்கள், கடைசியில் கூப்பிட்டபோது சீராளன் ஓடி வந்தான். உன் தோழி அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பாள், அவளுக்கும் அது தொண்டையில் நின்றிருக்கும். அதைச் சொல்லி அவளை மடக்கப் பார்க்காதே, நீங்கள் அந்தக் கதையை எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேள் என்றேன்.

எனக்கு ஆபிரகாமின் கதையில் உறுத்துவது வேறு. முன்பின் தெரியாத சோதோம்காரர்களுக்காக அவ்வளவு வாதாடியவர், பெற்ற மகனுக்காக ஒரு வார்த்தை பேசாமல் விடியற்காலையில் கழுதைக்குச் சேணம் கட்டுகிறார். கத்தியை ஓங்கியபின் நிறுத்து என்ற குரல் வருகிறது. அக்கம்பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைப் பலியிட்ட காலம் அது. கதையின் கனம் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது என்பது பலரின் விளக்கம், நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் எரேமியா ஏழாம் அதிகாரத்தில் கடவுள் பிள்ளைப் பலியைப் பற்றிப் பேசும்போது, நான் அதைக் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். இருந்தும் மலையிலிருந்து இறங்கி வந்த ஈசாக்கு அன்று ராத்திரி எப்படித் தூங்கினான் என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

மற்றவர்கள் நம் வேதத்தில் இருந்து வசனத்தை உருவிக் காட்டும்போது நமக்குச் சுருக்கென்கிறது. இதை முதலில் ஆரம்பித்தவர்கள் நாம்தான் என்பதையும் அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். மிஷனரிகள் புராணங்களிலிருந்து ஒரு வரியை உருவி, இதுவா உங்கள் தெய்வம் என்று தெருமுனையில் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். அந்த மொழிபெயர்ப்பு வேலையில் வரிக்கு வரி படித்த பழைய ஏற்பாட்டையே எடுத்து, ஆலயம், விளக்கு, தூபம், பலி, பண்டிகை எல்லாம் உங்கள் வேதத்திலும் கிடக்கிறதே, எங்களை மட்டும் ஏன் ஏசுகிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் சங்கடப்பட்டிருப்பார்கள்.

திருத்தணிக்காரி என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவு வந்தார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்ததும் திருத்தணியில்தான், 1888-ல். 1960 வரை அந்த ஊர் எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1896-லிருந்து 1900 வரை அவர் படித்தது திருப்பதியில், ஜெர்மன் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில். பிறகு வேலூர், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தம் மதத்தைக் கிறிஸ்தவ விமர்சகர்கள் தாக்கியது தம்மை உலுக்கியது என்றும், அதுவே இந்து தத்துவத்தை ஊன்றிப் படிக்கத் தூண்டியது என்றும் அவரே பின்னாளில் எழுதினார். 1908-ல் வந்த அவருடைய எம்.ஏ. ஆய்வு, வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில். இருபது வயதுப் பையன் எழுதியது.

அவருக்கு அங்கே பாடம் எடுத்தவர் ஏ. ஜி. ஹாக். ஸ்காட்லாந்தில் இறையியல் மாணவராக இருந்தபோது விசுவாசமே ஆட்டம் கண்டு, மெல்ல மெல்ல மீண்டவர், 1903-ல் சென்னைக்கு வந்தார். சந்தேகம் எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஆசிரியர் என்பதால்தானோ என்னவோ, தம் மதத்துக்கு வக்காலத்து வாங்கிய மாணவனின் ஆய்வை மனம்விட்டுப் பாராட்டினார். கர்மத்தையும் மீட்பையும் பற்றி அவர் கல்லூரி இதழில் எழுதிய கட்டுரைகள் 1909-ல் புத்தகமாக வந்தன. இந்துக்களைத் திருத்த எழுதிய புத்தகமாக அதை நான் படிக்கவில்லை. அவனவன் செய்ததற்கு அளந்து அளந்து துன்பம் கொடுக்கும் நீதிமன்றம் அல்ல இந்த உலகம், மனிதர் ஒருவரோடு ஒருவர் பின்னிக் கிடப்பதால் குற்றமற்றவர்களும் துன்பப்படுகிறார்கள் என்ற அவருடைய வாதம் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்துத்தான். நம் சபைகளில் நாம் கர்மம் என்று சொல்வதில்லை, சாபம் என்கிறோம், கர்த்தரின் சிட்சை என்கிறோம். கணக்கு என்னவோ ஒன்றுதான்.

"வார்டுல தினமும் கேக்குறேன் அத்தை" என்றாள். "நான் என்ன பாவம் பண்ணேனோன்னு ஒரு அம்மாவாவது அழாத நாள் இல்லை. குழந்தைக்கு ரத்தத்துல நோய். மூணு வயசு."

யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் அந்த அம்மாவின் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்னவர்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள். பேச ஆரம்பித்ததும் கடவுளைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டார்கள். அவர் அநியாயம் செய்ய மாட்டார், ஆகவே நீதான் ஏதோ செய்திருக்கிறாய் என்று முப்பது அதிகாரம்போல வாதாடுகிறார்கள். யோபு விடவில்லை, கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். நாற்பத்திரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் கடவுள் எலிப்பாசைப் பார்த்து, என் ஊழியனான யோபு பேசியது போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபுவுக்கு ஏன் துன்பம் வந்தது என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கும் நீ காரணம் சொல்லப் போகாதே, உங்களால இல்லம்மா என்று மட்டும் சொல்லு, அதைச் சொல்ல உனக்கு வேத ஆதாரம் இருக்கிறது என்றேன்.

அந்த அம்மா கடவுளைத் திட்டினால்? திட்டட்டும். சங்கீதம் 137 பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பாட்டு. கி.மு. 586-ல் எருசலேமை இடித்துத் தங்கள் பிள்ளைகளைக் கண்முன் கொன்றவர்களின் பிள்ளைகளும் கல்லில் மோதப்பட வேண்டும் என்று அதன் கடைசி வசனம் ஆசைப்படுகிறது. கத்தோலிக்கச் சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தன் அன்றாட ஜெபப் புத்தகத்திலிருந்து அந்த வசனங்களை எடுத்துவிட்டது. எடுத்ததன் நியாயம் புரிகிறது, ஆனாலும் எடுத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது கடவுள் சொன்னது இல்லை, கடவுளிடம் சொன்னது. கையில் பலம் இல்லாத ஒருத்தி கத்தியைத் தேடாமல் கடவுளிடம் போய்க் கொட்டினாள். அப்படியே நடக்கட்டும் என்று அவர் அதற்குப் பதில் சொன்னதாக அந்தச் சங்கீதத்தில் இல்லை.

கடைசியாக அவள் 1 சாமுவேல் பதினைந்தைத் திருப்பினாள். அமலேக்கியரில் பால் குடிக்கும் குழந்தையைக்கூட விடாதே என்று கர்த்தரின் பேரால் சாமுவேல் சவுலிடம் சொல்லும் இடம். இங்கேயும் முப்பதாம் அதிகாரத்தில் அமலேக்கியர் திரும்ப வருகிறார்கள், தாவீது முறியடித்தபிறகும் நானூறு வாலிபர்கள் ஒட்டகத்தில் ஏறித் தப்பிக்கிறார்கள். அதைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "ஆனா சொன்னது?" என்றாள்.

அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. கர்த்தர் சொன்னதாகச் சாமுவேல் நம்பினார் என்பது வரைக்கும் நான் வருவேன். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்தவர் அதைச் சொன்னார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வேதத்தில் ஒரு வசனத்தை அப்படிச் சொன்னால் மற்றதெல்லாம் என்னாகும் என்று கேட்பார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். உன் தோழியிடம் இதையும் மறைக்காமல் சொல்லு, அத்தை இப்படி நினைக்கிறாள், அப்பா இதை ஒத்துக்க மாட்டார் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லு என்றேன்.